குறைந்த செலவில் ஜாம்பி காதல் படம்: எதில் மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம்

பணம் குறைவாக இருந்தால் ஜாம்பி காதல் படத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஒரே ஒரு முகத்தை: காதலிக்கப்படும் ஜாம்பியின் முகம். பின்னால் தள்ளாடி வரும் கூட்டத்தின் மேக்கப் கொஞ்சம் சொதப்பினாலும் பார்ப்பவர்கள் ரசிப்பார்கள். அந்தக் கைவேலை தெரிவதே இந்த வகைப் படங்களின் அழகு. ஆனால் காதல் நம்பும்படி இல்லாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். ஆகவே மேக்கப் நேரத்தைப் பிரிக்கும்போது நாயக ஜாம்பிக்கு 2 மணி நேரம், கேமராவுக்குப் பக்கத்தில் வரும் நாலைந்து பேருக்கு ஆளுக்கு 20 நிமிடம், தூரத்தில் நிற்பவர்களுக்கு 5 நிமிடம் என்று ஒதுக்குங்கள்.

காயத்துக்கு லிக்விட் லேடெக்ஸும் (காய்ந்ததும் ரப்பர் தோல் போல ஆகும் திரவம்) டிஷ்யூ பேப்பரும் போதும். முந்தின நாளே நடிகரின் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அவருக்கு லேடெக்ஸே வேண்டாம். புருவத்திலும் மீசையிலும் பட்டால் உரிக்கும்போது முடியோடு வரும், அங்கே முதலில் வாசலின் தடவுங்கள். டிஷ்யூவை ஒற்றைத் தாளாகப் பிரித்து, கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். வெட்டிய ஓரம் க்ளோஸப்பில் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் தோலோடு கலந்துவிடும். லேடெக்ஸ், டிஷ்யூ, மறுபடி லேடெக்ஸ் என 3 அல்லது 4 அடுக்கு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் பவுடர் தட்டி, நடுவில் கிழித்துவிட்டு, உள்ளே அடர்சிவப்பும் ஓரத்தில் ஊதாவும் வையுங்கள்.

முகம் முழுக்கச் சாம்பல் நிறத்தைப் பூசுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது முகமூடி மாட்டியது போல இருக்கும், நடிகரின் முகபாவம் எதுவும் வெளியே வராது. சொரசொரப்பான ஸ்பாஞ்சால் மஞ்சள், பச்சை, ஊதா நிறங்களை மெல்லியதாக ஒற்றுங்கள். இடையிடையே சொந்தத் தோல் தெரியட்டும். கழுத்து, காதின் பின்புறம், புறங்கை, நகம் எதையும் மறக்காதீர்கள். காதல் படத்தில் கைக்குத்தான் க்ளோஸப் அதிகம். கண்ணை அப்படியே விட்டுவிடுவது நல்லது. வெள்ளை கான்டாக்ட் லென்ஸ் போட்டால் பயம் கூடும், காதல் போய்விடும். அப்படியும் லென்ஸ் வேண்டுமென்றால் கண் மருத்துவரிடம் காட்டித்தான் வாங்க வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவருக்குப் போடவே கூடாது.

ரத்தத்துக்கு 250 மில்லி கார்ன் சிரப் (சோளத்தில் செய்த இனிப்புப் பாகு), 2 தேக்கரண்டி சிவப்பு ஃபுட் கலர், 2 சொட்டு நீலம், வெந்நீரில் குழைத்த 1 தேக்கரண்டி கோகோ பவுடர். நீலமும் கோகோவும் இல்லாவிட்டால் கேமராவில் சர்பத் மாதிரி தெரியும். எல்லாமே சாப்பிடும் பொருள் என்பதால் வாயில் பட்டாலும் பயமில்லை. சட்டையில் கறை போகாது, அதனால் ஒரே சட்டையில் 3 வாங்கி வையுங்கள். வியர்வையில் லேடெக்ஸ் ஓரம் கிளம்பும் என்பதால் க்ளோஸப்புகளை முதலில் எடுத்துவிட்டு வைட் ஷாட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கு முன்னாலும் கறை எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டால் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் இருப்பது, கெடாது.

பெரும்பாலான படங்கள் ஸ்கிரிப்டில்தான் சறுக்குகின்றன. ஜாம்பிக்கு எது நினைவிருக்கிறது, பேச முடியுமா, பசித்தால் என்ன செய்யும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, கடைசிவரை மீறாதீர்கள். உயிரோடிருந்தபோது செய்த ஒரு பழக்கம் மட்டும் மிச்சமிருக்கட்டும். உதாரணமாக, சட்டைப் பொத்தான் போடுவது: விரல் துளையைத் தேடுகிறது, நழுவுகிறது, மறுபடி தேடுகிறது. நாயகி கை நீட்டிப் போட்டுவிடுகிறாள். கடிக்கும் தூரத்தில் அவள் கழுத்து இருக்கிறது. ஜாம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காதல் என்று சொல்ல வசனமே வேண்டாம், அந்தத் திருப்பம் போதும். ஆனால் அதற்கு முன் 10 அடி தூரத்தில் ஒரு காட்சி, கையெட்டும் தூரத்தில் ஒரு காட்சி வந்திருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே தொட்டுவிட்டால் பார்ப்பவர்களுக்கு அருவருப்புதான் மிஞ்சும்.

12 பேரைக் கூட்டமாகக் காட்ட கேமராவில் 85 எம்எம் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸைப் போட்டு, ஆட்களை முன்னும் பின்னுமாக நிறுத்துங்கள். இடைவெளி சுருங்கி நெரிசல் தெரியும். வைட் லென்ஸில் அதே 12 பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்தான்.

படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்பவர்கள் வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மைக்கை வாய்க்கு 2 அடிக்குள் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி 30 நொடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளை ஒட்டுவது அதுதான். எலும்பு முறியும் சத்தத்துக்கு செலரிக் கீரைத் தண்டை மைக் பக்கத்தில் முறுக்கி உடையுங்கள். காயம் ரப்பராகத் தெரிகிற ஷாட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 2 நொடி இருந்தால் 12 பிரேமாக (சுமார் அரை நொடி) குறைத்து, சத்தத்தை மட்டும் அடுத்த ஷாட்டில் இருக்கும் நாயகியின் முகத்தின் மேல் ஓடவிடுங்கள்.