100 மீட்டர் போட்டிக்கு 1200 மீட்டர் வார்ம் அப் எதற்கு?

போட்டி நாள் காலையில் பெற்றோர் யாராவது ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்பார்: "சார், இப்போதே இவ்வளவு தூரம் நீந்தவிட்டால் பிள்ளை களைத்துப்போக மாட்டானா?" 100 மீட்டர் போட்டிக்கு 1200 மீட்டர் தயாரிப்பு என்றால் யாருக்கும் கணக்கு இடிக்கத்தான் செய்யும். ஆனால் அன்றாடம் மூவாயிரம், நான்காயிரம் மீட்டர் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு நிதானமாக நீந்தும் 1200 ஒரு பொருட்டே இல்லை. அவனைக் களைப்பாக்குவது அதற்குப் பிறகு வருவதுதான்: கேலரியில் வெயிலில் உட்கார்ந்து, ஈர உடையோடு சிப்ஸ் தின்றுகொண்டு, கைப்பேசி பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பது.

எத்தனை மீட்டர் என்பதைவிட, நீரைவிட்டு ஏறி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே முக்கியம். தசை சூடாக இருந்தால் வேகமாகச் சுருங்கும். இதயமும் மூச்சும் முன்பே முடுக்கிவிடப்பட்டிருப்பதால் முதல் 25 மீட்டரிலேயே திணறல் வராது. நீரைவிட்டு ஏறியதும் அந்தச் சூடு இறங்கத் தொடங்கிவிடும். சர்வதேச அளவில் நீந்துகிறவர்களை 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தவைத்துச் செய்த ஓர் ஆய்வில், வார்ம் அப் முடிந்து 20 நிமிடத்தில் நீந்தியபோது, 45 நிமிடம் காத்திருந்து நீந்தியதைவிடச் சுமார் ஒன்றரை சதவீதம் வேகம் கூடியது. 1 நிமிடம் 10 வினாடியில் 100 மீட்டர் நீந்தும் பிள்ளைக்கு ஒன்றரை சதவீதம் என்றால் ஒரு வினாடி. ஒரு வினாடிக்குள் மூன்று பதக்கமும் முடிந்துபோன போட்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சரி, 1200 எப்படி வருகிறது? 13, 14 வயது, வாரம் ஆறு நாள் பயிற்சி, 50 மீட்டர் குளம், 100 ஃப்ரீஸ்டைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 400 மீட்டர், ஏறி நின்று உடனே பேச முடிகிற வேகத்தில். நடுவில் 100 பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) கலந்தால் தோள் தளரும். பிறகு 200 கிக், அதாவது கைவீச்சு இல்லாமல் காலை மட்டும் அடித்து. அடுத்து நான்கு ஐம்பதுகள். ஒவ்வொன்றிலும் முதல் பாதி நிதானம், இரண்டாம் பாதியில் வேகம் ஏற வேண்டும். 100 மெதுவாக. அதன்பின் பிளாக்கிலிருந்து (குதிக்க ஏறி நிற்கும் மேடை) டைவ் அடித்து இரண்டு முறை: 25 மீட்டர் போட்டி வேகத்தில், மறுகரை வரை மீதியைச் சும்மா நீந்திப் போகலாம். கடைசி 200 மூச்சைச் சீராக்க. இதைத் தாண்டி இன்னொரு ஆயிரம் நீந்தவைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. பலன் கூடி நான் பார்த்ததில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் பாதி போதும். 50 மீட்டர் போட்டிதானே என்று குறைக்காதீர்கள். அரை நிமிடத்தில் முடிகிற போட்டியில், நடுவில் உடம்பு சூடேற நேரம் ஏது? 1500 மீட்டர் நீந்துகிறவன் 600, 800 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். போட்டி வேகத்தில் சில ஐம்பதுகள் நீந்தி, அந்த வேகத்தைக் கைக்குப் பழக்கினால் சரி.

டைவ் அடிக்கும் அந்த 25 மீட்டரை விட்டுவிடக் கூடாது. பிளாக்கின் சரிவு, பிடிமானம் எல்லாம் குளத்துக்குக் குளம் மாறும். பேக்ஸ்ட்ரோக் நீந்துகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சுவரிலிருந்து 5 மீட்டரில் தலைக்கு மேலே குறுக்கே கொடிக் கயிறு கட்டியிருப்பார்கள். கொடி கண்ணில் பட்டதிலிருந்து சுவர் வரை எத்தனை கை வீச்சு என்று எண்ண வேண்டும், அதுவும் போட்டி வேகத்தில். நிதானமாக வந்து எண்ணிய கணக்கை நம்பித் திரும்பினால் ஒன்று சுவர் எட்டாது, அல்லது தலை இடிக்கும். திறந்தவெளிக் குளமானால் மல்லாந்தவுடன் சூரியன் கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடி காகிள்ஸ் பையில் இருக்கட்டும்.

வார்ம் அப் நேரத்தில் லேன்கள் சந்தைக்கடைதான். கால் முதலில் வைத்துத்தான் இறங்க வேண்டும். டைவ் அடிக்க ஓரிரு லேன்களைக் கடைசியில் அறிவிப்பார்கள், அதிலும் ஒரு திசையில்தான் நீந்தலாம். அறிவிப்பு வந்தபின் ஓடினால் உங்களுக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். ஆகவே குளம் திறந்ததும் முதல் ஆளாக இறங்கி, நீண்ட நீச்சலை முடித்துவிட்டு, டைவ் வரிசைக்கு முன்கூட்டியே போய்விடுங்கள்.

ஊரையும் பார்க்க வேண்டும். சர்வதேச விதிப்படி குளத்து நீர் 25 முதல் 28 டிகிரி. சென்னையில் மே மாதத் திறந்தவெளிக் குளம் அதைத் தாண்டிப் போகும். அங்கே 200, 300 மீட்டர் குறைத்து, நிழலில் உட்காரவைப்பேன். பெங்களூரு பசவனகுடிக் குளத்தில் டிசம்பர் காலை என்றால் காற்றே 16 டிகிரி அளவில் இருக்கும்; அங்கே தூரம் குறையாது, ஏறியவுடன் துண்டு, ஸ்வெட்டர், சாக்ஸ்.

யார் எந்த ஹீட்டில் (சுற்றில்) நீந்துகிறார்கள் என்று காட்டும் ஹீட் ஷீட் கைக்கு வந்ததும் உங்கள் நிகழ்ச்சிக்கு முன் எத்தனை ஹீட், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று பெருக்கிப் பாருங்கள். முக்கால் மணிக்கு மேல் இடைவெளி வந்தால், காலை வார்ம் அப்பின் சூடு போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு இரண்டாவது வார்ம் அப் செய்ய வேண்டும். தனிக் குளம் இருந்தால் 300, 400 மீட்டர், நடுவில் ஓரிரு வேகமான இருபத்தைந்துகள். இல்லையென்றால் தரையிலேயே: கால் மணி நேரம் கயிறு தாண்டுதல், கை சுழற்றல், சில குதிப்புகள், சட்டையும் டிராக் பேண்ட்டும் போட்டுக்கொண்டு. பெரிய போட்டிகளில் 20 நிமிடம் முன்பே, போட்டியாளர்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைக்கும் அறைக்கு (call room) வரச் சொல்லிவிடுவார்கள் என்பதால் இதை அதற்கு முன் முடிக்க வேண்டும். உள்ளே போனபின்னும் கைகாலை அசைத்துக்கொண்டே இருக்கலாம். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பிளாக்கில் ஏறி இரு கைகளையும் வீசி முதுகில் அறைந்துகொள்வாரே, அதைப் பிள்ளைகள் ஸ்டைலுக்காகச் செய்கிறார்கள்; செய்யட்டும், தோளுக்கு நல்லதுதான். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் மட்டும் வேண்டாம். அது தசையின் விசையைச் சற்றே குறைக்கும்.

அதே நாளில் இன்னொரு போட்டி இருந்தால், முதல் போட்டி முடிந்ததும் 200 மீட்டராவது மெதுவாக நீந்தவிடுங்கள். குளம் இல்லையென்றால் பத்து நிமிடம் நடக்கட்டும். உடை மாற்றி, தண்ணீர், இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். மாலையில் ஃபைனல் என்றால் காலையில் செய்த வார்ம் அப்பை முதலிலிருந்து முழுமையாகச் செய்ய வேண்டும்.