தோட்டா நிரப்பும்போது வெடிமருந்து தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறவர்களில் கணிசமானவர்கள் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்ட கேஸைச் (தோட்டாவின் உலோகக் கூட்டை) சுத்தம் செய்து, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை.) எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே திரும்ப அடிக்கிறார்கள். மேசையருகில் சிகரெட் கூடாது, இரண்டு டப்பாவை ஒன்றாகத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் எந்த மேனுவலிலும் (நிரப்பும் அளவுகள் தரும் கையேடு) முதலிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண் ஒன்றுதானே என்று வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கடை அலமாரியில் ஹெச் 4831 (ஹெச் என்றால் ஹாட்ஜ்டன் நிறுவனம்) என்று ஒரு டப்பா இருக்கும். ஐஎம்ஆர் 4831 என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்து இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களுக்கான மருந்து ஏராளமாக மிஞ்சியது. புரூஸ் ஹாட்ஜ்டன் அதை வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு மலிவாக விற்றார். 4831 என்ற பெயர் வேட்டைக்காரர்களிடம் பரவியது அப்படித்தான். மெதுவாக எரியும், பெரிய கேஸுக்கும் கனமான குண்டுக்கும் பொருந்தும். 1970-களில் டூபான்ட் நிறுவனம் தன் ஐஎம்ஆர் வரிசையில் ஒரு 4831-ஐக் கொண்டுவந்தது. இது ஹெச் 4831-ஐவிட வேகமாக எரியும். மெதுவான மருந்துக்குச் சொன்ன உச்ச அளவை இதில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டிவிடும்.

ரேஞ்சில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அதுதான் நடந்தது. அவரிடம் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் ரைஃபிள். அவருடைய அப்பா 1960-களில் எழுதிவைத்த நோட்டில் வெறும் ‘4831’ என்று இருந்தது. அந்தக் காலத்தில் கடையில் கிடைத்தது ஒரே 4831 என்பதால் அப்பா அதற்குமேல் எழுதவில்லை. மகன் ஐஎம்ஆர் வாங்கி, நோட்டிலிருந்த உச்ச அளவையே நேராக நிரப்பிக்கொண்டு வந்தார். முதல் தோட்டாவுக்கே போல்ட் (ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கும் பகுதி) திறக்க மறுத்தது. மரச்சுத்தியால் தட்டித்தான் திறந்தோம். பிரைமர் தானாகக் கழன்று விழுந்தது, சுட்ட கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போயிற்று. ரைஃபிள், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போய்ச் சேர்ந்தது, அந்த வருட எல்க் சீசனும் கையைவிட்டுப் போனது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதது அவர் அதிர்ஷ்டம். ஏன் இப்படி என்று கேட்டால், “டப்பாவில் 4831 என்றுதானே போட்டிருக்கிறது?” என்கிறார்!

4350, 4895 எண்களிலும் இதே இரட்டையர் உண்டு. முன்னெழுத்தோடு முழுப் பெயரை எழுதுங்கள். நிரப்பிய பெட்டியின் மேலும் மருந்து, எடை, குண்டு, பிரைமர், தேதி எல்லாம் இருக்கட்டும். அப்பாவோ நண்பரோ தந்த நோட்டு நினைவுக்கு நல்லது; அளவுக்கு இன்றைய மேனுவலைப் பாருங்கள். அதிலும் உச்ச அளவில் தொடங்காமல், அடியில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள்.

எரிவேகப் பட்டியலைப் பார்த்து மாற்றுவது

மருந்துகளை எரியும் வேக வரிசையில் அடுக்கிய அந்தப் பட்டியல் பஸ் நிறுத்தங்களின் பெயர்ப் பலகை மாதிரி. அடுத்தது எது என்று சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. பட்டியலில் பக்கத்தில் இருப்பதால் அதே அளவு போடலாம் என்று அர்த்தமில்லை.

குண்டின் வேகத்தை மட்டும் பார்ப்பது

மேனுவலில் எந்த மருந்துக்கு அதிக வேகம் போட்டிருக்கிறதோ, அதையே எல்லாரும் வாங்குகிறார்கள். நொடிக்கு ஐம்பது அடி கூடினால் எல்க்குக்கு ஒன்றும் தெரியாது. வெப்பம் ஏறினால் அழுத்தமும் ஏறும் என்பதை யாரும் கேட்பதில்லை. மொன்டானா பனியில் உச்சத்துக்கு ஏற்றிச் சோதித்த .375 ஹெச் அண்ட் ஹெச் தோட்டாவை ஆப்பிரிக்க வெயிலுக்குக் கொண்டுபோனால், காட்டெருமைக்கு முன்னால் போல்ட் இறுகலாம். பழைய பிரிட்டிஷ் கம்பெனிகள் கார்டைட் (பழைய வகை வெடிமருந்து) காலத்திலேயே இதைப் புரிந்துகொண்டு, இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளுக்கு மருந்து குறைத்த வெப்பமண்டலத் தோட்டா தனியாகச் செய்தன. இப்போது ஹெச் 4350, ஹெச் 4831 போன்றவை வெப்பத்துக்கு அதிகம் ஆடாதபடி தயாராகின்றன. நான் வேகத்தை விட்டுக்கொடுத்து இவற்றைத்தான் எடுப்பேன். அப்புறம், வேட்டையாடப்போகும் வெப்பநிலையில் ஒரு தடவையாவது சுட்டுப் பாருங்கள்.

அமுக்கி அடைப்பது

1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னத்தின் ஆரம்பகாலத் தோட்டாக்களில் மருந்தை அமுக்கி அடைத்திருந்தார்கள். நாளாக ஆக அது கட்டிப்பட்டுச் சரியாக எரியாமல் போனது. யானை வேட்டைக்கென்று வந்த தோட்டாவுக்கே இந்தக் கதி. மேனுவல் அமுக்கலாம் என்று சொன்னால் மட்டும் அமுக்குங்கள்.

மெதுவான மருந்தைப் பாதி மட்டும் போடுவது

உதை குறையட்டும் என்று செய்கிறார்கள். பாதி காலியான கேஸில் மெதுவான மருந்து சீராகப் பற்றாது. சில சமயம் அழுத்தம் திடீரென்று எகிறியும் இருக்கிறது. லேசான தோட்டா வேண்டுமென்றால், ஹெச் 4895-க்கு நிறுவனமே குறைந்த அளவுகளை வெளியிட்டிருக்கிறது.

கரண்டிக் கணக்கு

மருந்தைக் கரண்டியால் அளக்காதீர்கள். தராசு வாங்குங்கள்.

பழைய டப்பா

மூடியைத் திறந்ததும் புளித்த நெடி, உள்ளே துருநிறத் தூசி என்றால் கெட்டுவிட்டது. மருந்து அளக்கும் அளவியில் மிஞ்சிய, பெயர் தெரியாத மருந்தும் அதே கணக்குத்தான். எந்த டப்பாவிலும் திரும்பக் கொட்டாதீர்கள்.