வெனிஸ் பார்க்க மெஸ்த்ரேயில் தங்குங்கள்

வெனிஸ் போகிறவர்கள், தீவுக்குள் அறை தேடாமல், எதிர்க்கரையில் மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். பெரும்பாலும் வாடகை கணிசமாகக் குறையும். அடிக்கடி ரயில் உண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ் தீவின் சாந்தா லூச்சியா நிலையம், வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய கால்வாய். படிக்கட்டுப் பாலங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கவும் வேண்டாம், எனக்கு அதுவே பாதிக் காரணம்.

இன்னொரு லாபம்: 2024 முதல், குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் மட்டும் வந்து போகும் பயணிகளிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்த்ரே அதே நகராட்சிக்கு உட்பட்டது. அங்கு தங்குகிறவர்கள் விடுதியில் தங்கும் வரி கட்டுவதால் இந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் இணையத்தில் விலக்குக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். இன்னும் மலிவென்று பக்கத்து நகரமான பதுவாவில் தங்கினால் இந்த விலக்கு இல்லை, அது வேறு நகராட்சி.

ஒரே ஓர் இரவுதான் என்றால் இந்த யோசனை வேண்டாம். கூட்டம் கலைந்த பின்னிரவும் விடிகாலையும்தான் வெனிஸின் அழகு. அதற்குத் தீவிலேயே தங்க வேண்டும்.