டீக்கடை வெட்டு கேக்: முதல்முறை செய்பவர்களுக்கு

கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்குமே, அந்த வெட்டு கேக்தான். இதற்கு ஓவன் வேண்டாம், எண்ணெயில் பொரிப்பதுதான்.

மைதா 250 கிராம், ரவை 2 மேசைக்கரண்டி, ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 120 கிராமை 4 ஏலக்காயோடு பொடித்து, 2 முட்டை, 1 மேசைக்கரண்டி நெய் விட்டு நன்றாக அடியுங்கள். அதில் மாவைக் கொட்டிப் பிசையுங்கள். முதலில் வறண்டு தெரியும். உடனே பால் ஊற்றாதீர்கள். சர்க்கரை கரையக் கரைய மாவு தானே இளகும். அப்படியும் சேரவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் பால் போதும். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி 2 மணி நேரம் வையுங்கள். ரவை ஊற இந்த நேரம் தேவை.

பிறகு 3 செ.மீ. தடிமனில் நீளமாக உருட்டி, 3 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கூட்டல் குறி போல, பாதி ஆழத்துக்குக் கீறுங்கள். மேலோட்டமாகக் கீறினால் விரியாது. அடிவரை போனால் எண்ணெயில் பிரிந்துவிடும்.

பெரும்பாலும் கெடுவது பொரிக்கும்போதுதான். எண்ணெய் 150 முதல் 160 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் கிள்ளிப் போட்ட மாவு அடியில் தங்கி, மெல்ல மேலே வர வேண்டும். போட்டதும் துள்ளி மேலே வந்தால் சூடு அதிகம்: சர்க்கரை மாவு என்பதால் வெளியே சட்டென்று கருகும், நடுவில் பச்சை மாவு நிற்கும். எண்ணெய் காயாமலே போட்டாலோ, துண்டுகள் எண்ணெய் குடிக்கும். ஒரு ஈட்டுக்கு நாலைந்துக்கு மேல் போடாமல், திருப்பித் திருப்பி 7, 8 நிமிடம் வேகவிடுங்கள். விரிந்த வாய்க்குள்ளும் பொன்னிறம் வந்தபின் எடுங்கள்.

சோடாவைக் கூட்டினால் இன்னும் பூக்கும் என்று தோன்றும். வேண்டாம், சோப்பு வாடை வரும், எண்ணெயும் ஏறும். முட்டைக்குப் பதில் தயிர் விடலாம், ஆனால் உள்ளே அந்தப் பஞ்சு வராது.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூடாக மூடினால் வேர்த்து, மேல்தோல் நமத்துவிடும்.