ஒரே கூகுள் டாக்ஸில் 32 மாணவர்கள்: வகுப்பறையில் கூட்டாக எழுதவைக்கும் முறை

பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய கூகுள் டாக்ஸ் ஆவணத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு “எல்லாரும் எழுதுங்க” என்று சொன்னால் பத்தே நிமிடத்தில் ஆவணம் குலைந்துவிடும். ஒருவர் தட்டத் தட்ட அடுத்தவரின் வரி கீழே இறங்கும், யாரோ முழுதையும் அழித்துவிடுவார், யார் என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பிழை பிள்ளைகளுடையது அல்ல. எழுதும் இடத்தை முன்கூட்டியே பிரித்து வைக்காததால் வருவது இது. அதனால் வகுப்புக்கு முந்தைய நாள் ஆசிரியர் செலவிடும் அரைமணி நேரம்தான் இதில் முக்கியமான வேலை.

ஒன்பதாம் வகுப்பு, 32 மாணவர்கள், இரண்டு பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு “எங்கள் ஊர் ஏரி”. நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்கள்.

1. தலைப்பைத் துண்டாக்குங்கள்

ஏரி இதற்குத் தோதான பொருள், ஏனென்றால் அது தானாகவே பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது: வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல் (மிகுதி நீர் வழிந்தோடும் இடம்), ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்), பறவைகள், மீன்பிடிப்பு, ஆக்கிரமிப்பு. குழுவுக்கு ஒன்று. குழுவுக்குள் நால்வருக்கும் தனித்தனி வேலை கொடுங்கள்: முதலாமவர் அது என்ன என்று விளக்குவார், இரண்டாமவர் எப்படி வேலை செய்கிறது என்று எழுதுவார், மூன்றாமவர் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டதைப் பதிவு செய்வார், நான்காமவர் இன்றைய நிலையைச் சொல்வார். ஆளுக்கு 60 சொல் போதும். “குழுவாகச் சேர்ந்து 240 சொல் எழுதுங்கள்” என்றால் ஒருவர் எழுதுவார், மூவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2. ஆவணத்தைக் கட்டுங்கள்

குரோம் உலாவியின் முகவரிப் பட்டையில் டாக்ஸ் டாட் நியூ என்று ஆங்கிலத்தில் தட்டினால் புது ஆவணம் திறக்கும். இடப்பக்கம் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி எட்டு டேப்களை (ஒரே ஆவணத்துக்குள் தனித்தனிப் பிரிவுகள்) உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் குழுவின் பகுதியைப் பெயராக வையுங்கள்: மதகு, கலங்கல், இப்படி. ஒவ்வொரு டேப்பிலும் இரண்டு நெடுவரிசையும் நான்கு கிடைவரிசையும் உள்ள அட்டவணை போடுங்கள். இடப்பக்கக் கட்டத்தில் மாணவரின் வரிசை எண்ணும் வேலையும், வலப்பக்கக் கட்டம் எழுதுவதற்கு. முழுப்பெயர் வேண்டாம், இணைப்பு கைமாறிப் போகக்கூடியது.

அட்டவணைதான் இங்கே வேலி. ஒருவர் எவ்வளவு எழுதினாலும் அவர் கட்டம் மட்டுமே நீளும், அடுத்தவரின் வாக்கியத்துக்குள் புகாது.

3. அனுமதி

மேலே உள்ள ஷேர் பொத்தான். “இணைப்பு உள்ள எவரும்” என்று மாற்றி, பக்கத்தில் எடிட்டர் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு பற்சக்கரக் குறியைத் தொட்டு, எடிட்டர்கள் அனுமதியை மாற்றலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது. எடுக்காவிட்டால் மாணவர் யார் வேண்டுமானாலும் வெளியாளைச் சேர்க்கலாம்.

டேப்வாரியாக அனுமதி பிரிக்க முடியாது. ஆவணத்தைத் திறக்க முடிந்தவர் எந்த டேப்பிலும் எழுத முடியும். ஒரு ஆவணத்தில் ஒரே நேரத்தில் 100 சாதனங்கள் வரை எழுதலாம் என்பதால் 32 பேருக்கு நெருக்கடி வராது.

பள்ளி நிறுவனக் கணக்கில் “இணைப்பு உள்ள எவரும்” என்ற தேர்வே தெரியாமல் போகலாம். நிர்வாகி வெளிப்பகிர்வைத் தடுத்திருக்கிறார் என்று பொருள். அவரிடம் திறக்கச் சொல்லுங்கள், அல்லது மாணவர்களின் பள்ளிக் கணக்குகளுக்கு மட்டும் பகிருங்கள்.

4. கணக்கு உள்ளவர், இல்லாதவர்

கணினியில் கூகுள் கணக்கு இல்லாமலும் இணைப்பு வழியாக எழுதலாம். ஏதாவதொரு விலங்கின் பெயரோடு அநாமதேயராகத் தெரிவார்கள். கைப்பேசியில் எழுத டாக்ஸ் செயலியும் கணக்கும் வேண்டும். இந்தியாவில் கூகுள் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13, ஆகவே சிறு வகுப்புகளுக்குக் கணினி ஆய்வகம்தான் சரி. எட்டுக் கணினிகள் இருந்தால் குழுவுக்கு ஒன்று, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை விசைப்பலகை கைமாறட்டும்.

அநாமதேயராக எழுதுவதில் ஒரு இழப்பு உண்டு. யார் எதை மாற்றினார் என்று பின்னால் பார்க்கும்போது எல்லா அநாமதேயரும் ஒரே பெயரில் குவிந்து கிடப்பார்கள். மதிப்பெண் போடப் போகிறீர்கள் என்றால் கணக்கோடு எழுதவையுங்கள்.

5. தமிழ்த் தட்டச்சு

கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகைச் செயலியில் தமிழைச் சேர்த்தால் போதும். கணினியில் தட்டத் தெரியாதவர்களுக்கு டூல்ஸ் பட்டியலில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. மொழியைத் தமிழ் என்று மாற்றி, மைக்கைத் தொட்டுப் பேசலாம். எட்டுக் குழுவும் ஒரே அறையில் பேசினால் அடுத்த குழுவின் பேச்சும் எழுத்தாக விழும். ஹெட்செட் மைக் இல்லையென்றால் ஒவ்வொரு குழுவாகப் பேசட்டும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை போலத் தெரியும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. அதை யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்த பிறகே ஒட்ட வேண்டும்.

6. வகுப்பில்

முதல் ஐந்து நிமிடம் எழுத்து வேண்டாம். எல்லோரும் தன் டேப்பைத் திறந்து, தன் கட்டத்தில் வரிசை எண்ணை மட்டும் தட்டட்டும். இணையம், அனுமதி, தட்டச்சு மூன்றிலும் உள்ள கோளாறு அப்போதே தெரிந்துவிடும். பிறகு 25 நிமிடம் எழுத்து.

இரண்டாம் பாடவேளை கருத்துக்கு. மதகுக் குழு கலங்கல் குழுவுடையதைப் படிக்கட்டும். வாக்கியத்தைத் தேர்ந்து கண்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருத்துப் பெட்டி வரும். விதி ஒன்றே: ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். “சூப்பர்” என்று எழுதக்கூடாது. “தண்ணி எந்த உயரம் வந்தா கலங்கல் வழியா போகும்?” என்பது போன்ற கேள்வி வந்தால்தான் எழுதியவர் மறுபடி ஏரிக்கரைக்குப் போய்ப் பார்ப்பார். கூட்டு எழுத்தின் பயன் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

7. அழிந்துபோனால்

பதறி எல்லோரும் கண்ட்ரோல் இசட் அழுத்துவார்கள். அது அவரவர் செய்த மாற்றத்தை மட்டுமே திருப்பும், அடுத்தவர் அழித்ததை மீட்காது. ஃபைல் பட்டியலில் வெர்ஷன் ஹிஸ்டரி (பழைய பதிப்புகளின் பட்டியல்) திறந்து, அழிவதற்கு முந்தைய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ரீஸ்டோர் பொத்தானை அழுத்த வேண்டாம். அழுத்தினால் முழு ஆவணமும் அந்த நேரத்துக்குப் போய்விடும், மற்ற ஏழு குழுக்கள் அதற்குப்பின் எழுதியது கண்முன்னிருந்து மறையும். பழைய பதிப்பிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்து இன்றைய ஆவணத்தில் ஒட்டுங்கள்.

வகுப்பு தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்ததும் ஒருமுறையும் அதே பட்டியலில் நடப்புப் பதிப்புக்குப் பெயர் வைத்துவிட்டால் பின்னால் தேடுவது எளிது.

8. முடித்த பிறகு

மணி அடித்ததும் எடிட்டர் என்பதை வியூவர் (பார்க்க மட்டும்) என்று மாற்றுங்கள். இரவில் நடக்கும் விளையாட்டுகள் இதோடு நின்றுவிடும். ஆவணத்தில் படம் சேர்ப்பதானால் குழுவுக்கு ஒன்று போதும், அதிலும் முகம் தெரியாத படம். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் மாணவர் படத்தை எங்கும் ஏற்றாதீர்கள்.

பெற்றோருக்கு ஆவணத்தின் இணைப்பை அனுப்பாமல் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், பல பெற்றோர் அதை விரும்புவதில்லை. ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை, 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். “எங்களுக்கு வரலையே டீச்சர்” என்று ஒரு பெற்றோர் கேட்டால், முதலில் உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.