போகிற அரசை விமர்சிக்க ஒரு கணக்கு நோட்டு போதும்

2009 ஜனவரி 15 இரவு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் விடைபெறும் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். மேற்கு வர்ஜீனியாவில், பெக்லிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டபடியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஈராக், நியூ ஆர்லியன்ஸ் வெள்ளம், குவாண்டனாமோ சிறை, வங்கிகள் என்று எல்லாம் வரிசையாக வந்தன. மூன்றே நாளுக்கு முன்னால், ஜனவரி 12-ல், எங்கள் ஊர் ஓடைகளைப் பற்றி அதே அரசு எழுதிய ஒரு புது விதி அமலுக்கு வந்திருந்தது. மேசையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் எழுதி வைத்திருந்தேன்.

நான் அரசியல் படித்தவள் இல்லை. வெளிநாட்டு டாக்டர்கள் இல்லாமல் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் திண்டாடிய மலைப்பகுதி இது. என் கணவர் டாக்டராக இங்கே வந்தார், கூடவே நானும் வந்து கிளினிக்குக்குக் கணக்கு எழுதினேன். அரசியலில் இடதுபக்கம் சாய்ந்தவள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஓர் அரசு கிளம்பும்போது அதை எப்படி விமர்சிப்பது என்று யாராவது கேட்டால், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். அந்தக் குளிர்காலத்தில் நான் செய்ததையும் தப்பாகச் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தேர்தல் 2008 நவம்பர் 4-ல் முடிந்தது. பதவியேற்பு 2009 ஜனவரி 20. நடுவில் பதினோரு வாரம். தோற்ற கட்சியின் கையில்தான் இன்னும் எல்லாச் சாவியும் இருக்கும். ஜனவரி 20-ஐ வட்டம் போட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். அமெரிக்காவில் ஓர் அரசுத்துறை விதி வெளியான நாளிலிருந்து சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் பாதிப்புள்ள பெரிய விதியென்றால் 60 நாள். ஆக நவம்பர் 20-ஐ ஒட்டி ஒரு கோடு, டிசம்பர் 20-ஐ ஒட்டி இன்னொரு கோடு. அந்தந்தக் கோட்டுக்கு முன்னால் வெளியான விதி, புது அதிபர் நாற்காலியில் உட்காரும்போது சட்ட பலத்தோடு நிற்கும். கோட்டைத் தாண்டியதைப் புதியவர் முதல் நாளே நிறுத்தி வைக்கலாம். புது அதிபர் ஒபாமாவின் தலைமை அதிகாரி ரஹ்ம் இம்மானுவேல் ஜனவரி 20 அன்றே அப்படி ஒரு சுற்றறிக்கை விட்டார். 2001-ல் புஷ் தரப்பும் கிளிண்டனின் கடைசி நேர விதிகளுக்கு இதையேதான் செய்தது.

வெள்ளை மாளிகைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். புஷ்ஷின் தலைமை அதிகாரி ஜாஷ் போல்டன் 2008 மே 9-ல் எல்லாத் துறைகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். புது விதிகளை ஜூன் 1-க்குள் முன்மொழிய வேண்டும், நவம்பர் 1-க்குள் முடிக்க வேண்டும், விதிவிலக்கான சூழல் இருந்தாலொழிய. கடைசி நேர அவசரத்தைத் தவிர்க்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். நான் அதைப் படித்தபோது, மார்ச் 31-க்கு முன்னால் பில்களை எல்லாம் உள்ளே தள்ளச் சொல்லும் மேலாளர்தான் நினைவுக்கு வந்தார். சரி, நோக்கத்தை ஊகிப்பதை விடுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1 என்று சொன்னவர்கள் டிசம்பரிலும் வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதுவதற்கு அந்த ஒரு முரண் போதும், உங்கள் பங்குக்கு அடைமொழி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

கெசட்டைப் படியுங்கள்

நம்மூர் அரசிதழ் போல இங்கே ஃபெடரல் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. 1936-லிருந்து வருகிறது. வேலை நாள் தவறாமல் வெளிவரும், இணையத்தில் இலவசம். ஒரு விதியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'தேதிகள்' என்று ஒரு பத்தி இருக்கும். எப்போது அமலுக்கு வருகிறது என்பது அங்கே. மீதி நூறு பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வைத்துக்கொண்டேன். எல்லாத் துறையையும் பார்க்கப் போனால் பைத்தியம் பிடித்துவிடும், உங்கள் வாழ்க்கையைத் தொடுகிற இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். என் நோட்டில் டிசம்பர் 12-ல் ஓடை விதி ஏறியது. டிசம்பர் 16-ல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைப் பற்றி வனவிலங்கு நிபுணர்களைக் கேட்காமலே துறைகள் சில வேலைகளைச் செய்யலாம் என்ற விதி. டிசம்பர் 19-ல், மனசாட்சிக்கு ஒவ்வாத சிகிச்சையில் பங்கெடுக்க மறுக்கும் மருத்துவப் பணியாளர்களைக் காக்கும் விதி. கடைசியதை என் கணவர் இரண்டு முறை படித்துவிட்டு, கருத்தடை மாத்திரை கேட்டு வருகிற பெண்ணுக்கு இந்த ஊரில் அடுத்த மருந்துக்கடை எத்தனை மைல் என்று மட்டும் கேட்டார்.

பழைய விதியை முதலில் படியுங்கள்

இங்கேதான் நான் சறுக்கினேன்.

மலையைச் சுற்றிச் சுரங்கம் தோண்டுவது ஒரு வகை. எங்கள் பக்கத்தில் மலையின் தலையையே வெடி வைத்து எடுத்துவிட்டு நிலக்கரியை அள்ளுவார்கள். எடுத்த பாறையும் மண்ணும் எங்கே போகும்? பக்கத்துப் பள்ளத்துக்குள். அந்தப் பள்ளங்களை இங்குள்ளவர்கள் ஹாலர் என்பார்கள். ஒவ்வொரு ஹாலரின் அடியிலும் ஒரு சின்ன ஓடை இருக்கும், பல வீடுகளின் கிணற்றுக்கும் அதுதான் ஊற்று. 1985-லிருந்து 2001 வரை அப்பலாச்சியா என்ற இந்த மலைப்பகுதியில் இப்படிப் புதைந்த ஓடைகளின் நீளம் சுமார் 724 மைல் என்று மத்திய அரசின் ஆய்வே சொன்னது.

1983-ல் வந்த ஒரு விதி, ஓடைக்கு 100 அடிக்குள் சுரங்க வேலை கூடாது, தண்ணீரின் தரமும் அளவும் கெடாது என்று அதிகாரி உறுதி செய்தாலொழிய, என்றது. புஷ் அரசு அதைத் தளர்த்துகிறது என்று கேள்விப்பட்டதும் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: 'நூறடி விதியை ஒழித்துவிட்டார்கள்.' அடுத்த வாரமே சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பதில் எழுதினார். விதியில் நூறடி அப்படியே இருக்கிறது, அம்மா படிக்கவில்லை போலிருக்கிறது என்று. அவர் சொன்னது சரி. எண் இருந்தது. ஓடையைத் தவிர்ப்பது நியாயமான அளவில் முடியாதென்றால், சேதத்தை முடிந்த மட்டும் குறைத்தால் போதும் என்று ஒரு வாசலைத்தான் புதிதாக வைத்திருந்தார்கள். நூறடி என்ற வேலி நிற்கும், கதவு திறந்திருக்கும். உண்மையில் அதுதான் என் குற்றச்சாட்டைவிட மோசமான செய்தி, ஆனால் நான் அதைச் சொல்லாமல் எளிதாக மறுக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது.

இன்னொரு சங்கடமும் பழைய விதியைப் படித்தபோது கிடைத்தது. 1983 என்றால் ரீகன் காலம். நான் தூக்கிப் பிடித்த விதி ஒரு பழமைவாத அரசு எழுதியது. அந்த 724 மைல் கணக்கில் கிளிண்டனின் எட்டு வருடமும் அடக்கம், ஏனென்றால் விதி காகிதத்தில் இருந்ததே தவிர, பள்ளத்தை நிரப்பும்போது அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2008 கடைசியில் இந்த மாற்றத்துக்குச் சுற்றுச்சூழல் துறை ஒப்புதல் தரக்கூடாது என்று பக்கத்து மாநிலங்களான கென்டக்கி, டென்னஸியின் ஆளுநர்கள் கேட்டார்கள், இருவரும் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி. எங்கள் ஆளுநர் ஜோ மான்சினும் ஜனநாயகக் கட்சிதான், ஆனால் அந்த வரிசையில் இல்லை. இதையெல்லாம் எழுதினால் நம் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எதிர்ப்பக்கத்துக்காரர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எதை எவ்வளவு சுலபமாகத் திருப்பலாம்

போகிற அரசு விட்டுச்செல்வது எல்லாம் ஒரே எடை இல்லை. பேச்சு காற்றோடு போகும், அதற்கு நோட்டில் இடமே வேண்டாம். அதிபரின் ஆணையை அடுத்தவர் ஒரு கையெழுத்தில் நீக்கலாம். முன்னாள் அதிபர்களின் ஆவணங்களைப் பூட்டி வைக்க 2001 நவம்பரில் புஷ் போட்ட ஆணையை ஒபாமா 2009 ஜனவரி 21-ல் நீக்கினார், பதவியேற்ற மறுநாள். ஆனால் கையெழுத்து போட்டால் நடந்துவிடும் என்றும் இல்லை. குவாண்டனாமோ சிறையை ஒரு வருடத்தில் மூடச் சொல்லி ஜனவரி 22-ல் அவர் போட்ட ஆணை நிறைவேறவே இல்லை.

குற்றவாளிக்கு அதிபர் தரும் மன்னிப்பைத் திருப்பவே முடியாது. வேறு நாட்டோடு போட்ட ஒப்பந்தம் அடுத்தவர் கையையும் கட்டும். 2011 முடிவுக்குள் அமெரிக்கப் படைகள் ஈராக்கை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஒப்பந்தம் 2008 நவம்பரில் புஷ் காலத்தில் கையெழுத்தானது. பிற்பாடு பலர் அதை ஒபாமா கணக்கில் எழுதினார்கள், திட்டியவர்களும் சரி, பாராட்டியவர்களும் சரி.

விதிதான் நடுவில் சிக்கிய முள். அமலுக்கு வந்த விதியை நீக்க, புதிதாக ஒரு விதி எழுதுவது போலவே முன்மொழிந்து, மக்கள் கருத்தைக் கேட்டு, பதில் எழுதி முடிக்க வேண்டும். மனசாட்சி விதியின் பெரும்பகுதியை நீக்க 2011 பிப்ரவரி ஆகிவிட்டது. 1996-ல் வந்த ஒரு சட்டப்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சமீபத்திய விதியை ரத்து செய்யலாம். 2001-ல் புஷ்ஷின் குடியரசுக் கட்சி அதைத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்பு விதி ஒன்றின் மேல் பிரயோகித்தது. 2009-ல் பெரும்பான்மை கையில் இருந்தும் ஜனநாயகக் கட்சி அதைத் தொடவே இல்லை. இதையும் நான் சிவப்பு மையில்தான் எழுதினேன்.

எண்களில் அவசரப்படாதீர்கள்

கணக்கெழுதுபவள் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. 2001 ஜனவரியில் அமெரிக்க அரசின் கடன் 5.7 லட்சம் கோடி டாலர், 2009 ஜனவரியில் 10.6 லட்சம் கோடி. இதை எழுதலாம், இரண்டும் ஒரே தராசு. ஆனால் பற்றாக்குறையைச் சொல்லும்போது கவனம். இங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. 2009 நிதியாண்டில் முதல் மூன்றரை மாதம் புஷ்ஷுடையது. அந்த ஆண்டின் பற்றாக்குறை 1.2 லட்சம் கோடி டாலராக இருக்கும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2009 ஜனவரி 7-லேயே கணித்தது, ஒபாமா பதவியேற்க இரண்டு வாரம் இருக்கும்போது. ஆண்டின் பெயரை மட்டும் பார்த்து எழுதினால் மொத்தமும் தப்பான ஆளின் தலையில் விழும். அதே நியாயம் மறுபக்கமும் உண்டு: 2000-ல் இருந்த 23,600 கோடி டாலர் உபரி கரைந்ததற்கு 2001, 2003 வரிக்குறைப்புகள் மட்டும் காரணமில்லை, 2001 மார்ச்சில் தொடங்கிய மந்தமும் காரணம்.

வரவுப் பக்கத்தையும் காலியாக விடாதீர்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், எய்ட்ஸை எதிர்ப்பதற்காக 2003-ல் தொடங்கிய ஐந்தாண்டு, 1,500 கோடி டாலர் திட்டம் புஷ்ஷுடையது. 2009 ஜனவரி 6-ல் பசிபிக் கடலில் பெரும் பரப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததும் அவர்தான். ஓடையைப் புதைக்க வழிவிட்ட அதே கை, அதே இரண்டு மாதத்துக்குள். எனக்கு இது இன்னும் புரியவில்லை. புரியாததையும் எழுதி வைத்தேன்.

ஜனவரி 20-ல் நோட்டை மூடாதீர்கள்

பதவியேற்பு அன்று மேசையில் அதே ஆறு பேர். பாயசம் வைத்தேன். அப்புறம் பெரும்பாலோர் அரசியல் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

ஓடை விதியின் பக்கத்தில் நான் தொடர்ந்து எழுதியது இது. 2009 ஏப்ரல்: புது அரசின் உள்துறை அமைச்சர் கென் சலசார், விதியை ரத்து செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கிறார். ஆகஸ்ட்: நீதிமன்றம் மறுக்கிறது, மக்கள் கருத்துக் கேட்காமல் குறுக்கு வழியில் விதியை நீக்க முடியாது என்று. (சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்று இப்போது நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை.) அதன் பிறகு நாலரை வருடம் வெள்ளைத்தாள். 2014 பிப்ரவரி 20: வனவிலங்குத் துறையைக் கலந்தாலோசிக்காமல் எழுதப்பட்டது என்பதால் நீதிமன்றம் விதியை ரத்து செய்கிறது. 1983 விதி திரும்ப வருகிறது. 2016 டிசம்பர் 20: ஒபாமா அரசு புதிய, கடுமையான ஓடைப் பாதுகாப்பு விதியை வெளியிடுகிறது. ஆம், போகிற அரசு, பதவி முடிய ஒரு மாதம் இருக்கும்போது. எட்டு வருடம் கையில் வைத்துக்கொண்டு, புஷ் அரசு செய்த அதே மாதத்தில்.

அந்த நாளின் குறிப்பில் காலண்டரை எண்ணி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அடுத்த வரி, 2017 பிப்ரவரி 16: 1996 சட்டத்தைக் கொண்டு நாடாளுமன்றம் ரத்து செய்ததில் டிரம்ப் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது.