பழைய ஓட்டு வீட்டின் முகப்பைச் சரிசெய்வது எப்படி? பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

எங்கள் ஆயா வீடு காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறது. கட்டியபோது அது சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி மாவட்டம் ஆனது, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது: கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை, சீமை ஓடு, திண்ணை, திண்ணையில் நான்கு கல்தூண்.

சில வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு விலை உயர்ந்த எமல்ஷன் பெயிண்ட் வாங்கி முகப்புக்கு அடித்தோம். பொங்கலுக்குப் போனால் அடிச்சுவர் முழுக்க அப்பளம் மாதிரி உப்பி நின்றது. சுவர் ஈரமாக இருந்ததை நாங்கள்தான் பார்க்கவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்கினோம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எதிர்த் திண்ணையில் உட்காருங்கள்

தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று வீட்டை ஒரு போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதது போட்டோவில் தெரியும். எங்கள் போட்டோவில் தெரிந்தவை: அறுந்து தொங்கும் கேபிள் டிவி ஒயர் மூன்று, துருப்பிடித்த ஆன்டெனா கம்பி, எப்போதோ கட்சிக்காரர்கள் எழுதிய சுவர் விளம்பரத்தின் மிச்சம், திண்ணையில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. இவற்றை எடுத்ததற்கே வீடு பாதி தெளிந்துவிட்டது. செலவு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பத்திலிருந்து வரும் மின் ஒயரைத் தொடாதீர்கள். அதற்கு மின்வாரிய ஆள்தான் வர வேண்டும்.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பழைய சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அது மூன்று வழியில் வரும்.

மேலிருந்து வருவது உடைந்த ஓட்டின் வழியாக. வீட்டுக்குள் நின்று பகலில் அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று ஓடு பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும். பழைய ஓட்டின் ஓரத்தில் அச்சில் பதித்த பெயரையும் அளவையும் பார்த்து வாங்குங்கள், அளவு மாறினால் கொளுவாது. ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல், குறுக்கே பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள். ஓட்டுக்குப் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடிப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது. பாசியைக் காய்ந்த தென்னந்துடைப்பத்தால் தேய்த்தாலே போதும்.

பக்கவாட்டில் வருவது கூரையிலிருந்து விழுந்து தெறிக்கும் மழை. இறவாரத்தில் தகரக் கால்வாய் போட்டால் அடிச்சுவர் தப்பிக்கும்.

கீழிருந்து வருவதுதான் பலருக்குப் புரியாது. வாசலைச் சுவர் வரை ஒட்டி சிமென்ட் போட்டுவிடுவார்கள். மண்ணில் இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல் சுவருக்குள் ஏறும். சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு சிமென்டை உடைத்து ஜல்லி போடுங்கள். தரை வாட்டம் தெருப் பக்கம் இருக்கட்டும்.

சுவர் ஈரமா என்று பார்க்க, கைக்குட்டை அளவு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. நம் பக்கம் ஐப்பசி மழை முடிந்து தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

3. சுரண்டுவதும் பூசுவதும்

வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். ஆசிட் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்புக் காரையை அது தின்றுவிடும்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதனால் கதவு, ஜன்னலைத் தேய்க்கும்போது உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

காரை பெயர்ந்த இடத்தில் மேஸ்திரி சிமென்டைக் கலக்கத் தொடங்குவார். தடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும்.

கல்தூணுக்குப் பச்சை எனாமல் அடித்திருந்தால் பொறுமையாக உரித்து எடுங்கள். கிரானைட்டைத் தேடி வெளிநாட்டுக்காரன் கிருஷ்ணகிரிக்கு வருகிறான், நாம் அதன் மேல் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம்! படிக்கல் மாற்றுவதானால் பாலிஷ் போட்டது வேண்டாம், மழையில் வழுக்கும். உளியால் கொத்திய கல்லைக் கேளுங்கள்.

4. வெள்ளையடிப்பது

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. ஏற்கெனவே எமல்ஷன் இருந்தால் முழுக்கச் சுரண்டிய பிறகே பிடிக்கும்.

இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர். கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சி கொஞ்சம் சேருங்கள். ஒரு சிட்டிகை நீலம் சேர்த்தால் வெள்ளை பளிச்சென்று இருக்கும். கூடினால் பள்ளிக்கூடச் சுவர் மாதிரி ஆகிவிடும்.

சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். முதல் பூச்சு அடித்ததும் ஒன்றுமே தெரியாது. பயப்படாதீர்கள், காயக் காய வெளுக்கும். தடிமனாக அடித்தால் பொரிந்து உதிரும்.

அடியில் இரண்டு அடி உயரத்துக்குக் காவி. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், தெறிக்கும் செம்மண் சேறு அதில் தெரியாது. காவியும் வெள்ளையுமாக நெடுக்குப் பட்டை மட்டும் போடாதீர்கள், கோவில் மதில் என்று யாராவது கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

5. கதவு, வாசல், விளக்கு

தேக்குக் கதவுக்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகத் தேய்த்துக் காயவிட்டு, மறுபடி ஒருமுறை தேயுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காய வையுங்கள்.

வாசலில் பூப்போட்ட டைல்ஸ் வேண்டாம். கோலம் போட்டால் எது கோலம், எது டைல்ஸ் என்று தெரியாது. செடிக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி போதும், சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி வையுங்கள்.

திண்ணைக்கு ஐந்து வாட் மஞ்சள் எல்.இ.டி. ஒன்று போதும். மாடத்தில் அகல் ஏற்றினால் புது வெள்ளையில் கரி பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. ஆயா கேட்கவில்லை, அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டாள். கரியும் பிடித்தது. டிரம்மில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது, சரி, அடுத்த தைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தோம்.